ஐந்து கிலோவாட் வேண்டாம் அம்மா

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. கும்பகோணத்தில் சொந்த வீடு. கீழே நானும் இளைய மகன் குடும்பமும் இருக்கிறோம். மாடி வாடகைக்கு விட்டது, அதற்குத் தனி மீட்டர். பெங்களூரில் இருக்கும் மூத்தவன் ஒரு வருஷமாக "சோலார் போடும்மா" என்று நச்சரிக்கிறான். வந்து பார்த்த கம்பெனிக்காரர், "5 கிலோவாட் போடுங்கள், 3,20,000 ரூபாய் ஆகும், மானியம் 78,000 போக 2,42,000தான், நாலே வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்கிறார். 3 கிலோவாட்டுக்கு 2,10,000, 2 கிலோவாட்டுக்கு 1,50,000 என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இளையவனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. பணம் என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். மாதம் 300 யூனிட் இலவசம் என்கிறார்களே, உண்மையா? கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா? மொட்டை மாடியில் துணியும் வடாமும் காயப்போட இடம் மிஞ்சுமா? இணைப்பு இன்னும் என் கணவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. கடைசி ஆறு பில்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் அம்மா. ஆறு பில்லையும் அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பதினெட்டு வருஷமாக வீடுகளுக்கு சோலார் வடிவமைத்துக் கொடுக்கிறேன். "எங்களுக்கு நாலாயிரம் வரும் சார்" என்று ஒரே ஒரு தொகையைச் சொல்பவர்கள்தான் அதிகம். அது எப்போதும் மே மாதத்து பில்லாக இருக்கும். மார்கழியில் வந்த பில்லை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நாலு வருஷக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2,42,000 ரூபாய் நாலு வருஷத்தில் திரும்ப வேண்டுமென்றால் வருஷத்துக்கு 60,500 ரூபாய் மிச்சமாக வேண்டும். உங்கள் ஆறு பில்லையும் கூட்டினேன். வருஷம் முழுக்க நீங்கள் ஈ.பி.க்குக் கட்டுவதே 13,244 ரூபாய்தான். கட்டுகிற பணத்தைவிட அதிகமாக எப்படி மிச்சம் பிடிப்பது? அவர் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷத்துக்குச் சுமாராக 1,400 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 7,000 யூனிட். அதை யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் என்று பெருக்கியிருப்பார். உங்கள் வீடு வருஷத்துக்குச் செலவழிப்பது 3,040 யூனிட். மீதி நாலாயிரம் யூனிட்டை யார் எட்டரை ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். வருஷக் கணக்கு முடிகிறபோது கையில் மிஞ்சும் யூனிட்டுக்கு, நீங்கள் கட்டுகிற விலை கிடைக்காது.

மாடி மீட்டரையும் சேர்த்துக் காட்டினாரா என்று கேளுங்கள். வாடகை வீடுள்ள இடங்களில் இது வழக்கமாக நடக்கும். ஒரு சோலார் ஒரு இணைப்போடுதான் சேரும். கீழ் மீட்டரில் கொடுத்தால், மாடியில் குடியிருப்பவர் ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் பேனலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பில் அவருக்கு வழக்கம்போல வரும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் மாநிலத்தில் சோலாரின் ஒவ்வொரு கிலோவாட்டும் ஒரே அளவு பணம் மிச்சம் பிடிப்பதில்லை. காரணம் நம் ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும் முறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் முதல் 100 யூனிட்டுக்குக் காசே இல்லை. 2024 ஜூலையில் மாறிய விலைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45 என்று ஏறும். 500 யூனிட் எரித்தவர் 1,805 ரூபாய் கட்டுவார், 510 எரித்தவர் 2,124 கட்டுவார். பத்தே யூனிட்டில் 319 ரூபாய்! பலரும் மீட்டர் பழுது என்று நினைத்து ஈ.பி. ஆபீஸ் படியேறுவது இந்த இடத்தில்தான்.

சோலார் வைத்தால் பொருத்தப்படும் நெட் மீட்டர், கிரிட்டிலிருந்து, அதாவது ஈ.பி. கம்பியிலிருந்து, வந்ததையும் உங்கள் கூரையிலிருந்து போனதையும் தனித்தனியாக எண்ணும். வந்ததில் போனதைக் கழித்து, மிஞ்சுவதற்குத்தான் ஸ்லாப். அதாவது சோலார் உங்கள் பில்லை உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வரும், தென்னையில் மேல் மட்டையிலிருந்து கழிப்பதுபோல. முதலில் விழுவது ஒன்பதரை ரூபாய் யூனிட். அப்புறம் எட்டு, ஆறு, நாலே முக்கால். கடைசியில் விழுவது ஏற்கெனவே இலவசமாக இருக்கிற யூனிட்.

உங்கள் பில்களையே வைத்துப் பார்க்கிறேன். ஜனவரி-பிப்ரவரியில் 330 யூனிட், மார்ச்-ஏப்ரலில் 560, மே-ஜூனில் 720, ஜூலை-ஆகஸ்டில் 600, செப்டம்பர்-அக்டோபரில் 520, நவம்பர்-டிசம்பரில் 310. இதில் 1 கிலோவாட் சோலாரைக் கழித்துப் பார்த்தேன். மார்ச்-ஏப்ரலில் 265 யூனிட், ஐப்பசி கார்த்திகை மழையில் 190 என்று பருவத்துக்குப் பருவம் மாறுவதையும் சேர்த்தேதான் கழித்தேன். வருஷ பில் 13,244லிருந்து ஏறக்குறைய 4,040 ஆகிறது. ஒரே ஒரு கிலோவாட் 9,200 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது கிலோவாட்டைச் சேர்த்தால் பில் 450 ரூபாய்க்கு இறங்குகிறது. அந்த இரண்டாவது பிடிப்பது இன்னும் ஒரு 3,600 தான். மூன்றாவது கிலோவாட்டுக்கு வேலையே இல்லை, அது வெட்டுவதற்கு 450 ரூபாய்தான் பாக்கி. நாலாவதும் ஐந்தாவதும் ஊருக்கு உபயம்.

இப்போது விலையை வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000, மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 தான் உச்சம். உங்களிடம் சொன்ன விலைப்படி 5 கிலோவாட்டுக்குக் கைக்காசு 2,42,000. பணம் திரும்பப் பதினெட்டு வருஷம். 3 கிலோவாட்டுக்கு 1,32,000, பத்து வருஷம். 2 கிலோவாட்டுக்கு 90,000, ஏழு வருஷம். பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கும், ஆனால் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அதற்கு ஒரு இருபதாயிரத்தை இப்போதே மனதில் ஒதுக்கி வையுங்கள். சோலார் வைத்தவர்களின் பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி வரலாம். இப்போது உங்களுக்கு அது எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பிலிருந்து எடுப்பது என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. அதே 90,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருஷத்துக்கு 6,300 வரும். 2 கிலோவாட் சோலார் 12,800 ரூபாய் பில்லைக் குறைக்கும். ஆனால் வங்கியில் போட்டால் அசல் அப்படியே இருக்கும், சோலாரில் அசல் கூரையில் தேய்ந்துகொண்டிருக்கும். இதைச் சேர்த்துப் பார்த்தாலும் 2 கிலோவாட் பரவாயில்லை. 5 கிலோவாட்டுக்கான 2,42,000 ரூபாய்க்கு வட்டியே 16,900 வருகிறது, உங்கள் மொத்த பில்லைவிட அதிகம். அந்தப் பணத்தை வங்கியில் விட்டுவிட்டு வட்டியில் கரண்ட் பில் கட்டினால், கோயிலுக்கு எண்ணெய் வாங்கவும் மிஞ்சும்.

சோலாருக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கூடத்திலும் படுக்கையறைகளிலும் ஓடுகிற ஃபேன்கள் எத்தனை வருஷத்தவை? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் ஃபேன் முப்பத்தைந்துக்குள் முடித்துவிடும். நாலு ஃபேன், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 115 யூனிட் குறையும். அதுவும் உச்சியிலிருந்து. மே-ஜூன் பில்லில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் இறங்கும். செப்டம்பர்-அக்டோபரில் 520 யூனிட் 405 ஆகி, ஐந்நூறுக்கு உள்ளே வந்துவிடுவதால் அங்கேயும் ஒரு ஆயிரம். நாலு ஃபேனுக்குப் பன்னிரண்டாயிரம் ஆகுமா? கிட்டத்தட்ட அரை கிலோவாட் சோலாரின் வேலையை அது செய்யும். சோலார் போட்டுப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன், என் கூட வேலை செய்பவர்கள் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

மாதம் 300 யூனிட் இலவசம் என்பது அரசு உங்களுக்கு வழங்கும் மின்சாரம் அல்ல. 3 கிலோவாட் போட்டால் மாதம் அவ்வளவு விளையலாம் என்ற கணக்கு அது. விளைவது உங்கள் கூரையில், உங்கள் காசில். அரசு தருவது மானியம் மட்டுமே. அதுவும் முதலில் முழுத்தொகையையும் நீங்கள் கட்டி, நெட் மீட்டர் பொருத்தி, சோலார் ஓட ஆரம்பித்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் 90,000 அல்ல, 1,50,000 கையில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால் ஃபேன் ஓடாது. இதைக் கேட்டு அதிர்ச்சியடையாத வாடிக்கையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உச்சி வெயிலில் பேனல் பளபளக்கும், ஆனாலும் வீடு இருட்டாக இருக்கும். கிரிட்டில் மின்சாரம் நின்ற அடுத்த நொடியே அதோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். காரணம் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன். கரண்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போகக் கூடாது. பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைத்தால் ஓடும், ஆனால் விலை எங்கோ போகும், பேட்டரிக்கு ஆயுசும் குறைவு. கரண்ட் போகிற நேரத்துக்கு இப்போது வீட்டில் இருக்கிற சாதாரண இன்வெர்ட்டரே போதும். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மொட்டை மாடி விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. 2 கிலோவாட் என்றால் நாலே பேனல். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். ஒரு மூலையில் அடங்கிவிடும். வடாமுக்கும் துணிக்கும் மீதி மாடி முழுக்க உங்களுடையது. 5 கிலோவாட்டுக்கு ஒன்பது, பத்துப் பேனல் வேண்டும், அதனால்தான் எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம், அடிக்கலாம், கீழே புழங்கலாம் என்பார்கள். புழங்கலாம், கொடி கட்டலாம், வெயில் மட்டும் இருக்காது. அதோடு உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு டெல்டாவில் சில வீடுகளுக்குப் போனேன். பேனல் உடைந்ததைவிட, கிளாம்ப் கழன்று பறந்ததும், தரையில் சும்மா வைத்த கான்கிரீட் கட்டையோடு ஸ்ட்ரக்சர் சாய்ந்ததும்தான் அதிகம். தாழ்வாக, ஒன்றரை இரண்டு அடி உயரத்தில், துருப்பிடிக்காத கால்வனைஸ் இரும்பில் போடச் சொல்லுங்கள். தட்டோடு பதித்த தளத்தில் நேராகத் துளை போட விடாதீர்கள். அடுத்த மழைக்குக் கூடத்தில் பக்கெட் வைக்க வேண்டியிருக்கும். சிறு கான்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட் பதிப்பதுதான் முறை.

தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். தெற்கு நல்லது, ஆனால் அதற்காக மாடியையே திருப்ப வேண்டாம். நாம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வு போதும், மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகிற அளவுக்கு. திசையைவிட நிழல்தான் எமன். வரிசையில் இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தால், மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடலாம். மார்கழியில்தான் சூரியன் தெற்கே மிகத் தாழ்வாகப் போகும், நிழல் வடக்குப் பக்கம் நீளும். அப்போது ஒருநாள் காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று வேளையும் மாடிக்குப் போய், தொட்டி நிழல், பக்கத்துக் கட்டட நிழல், தென்னை நிழல் எல்லாவற்றின் ஓரத்தையும் கோலப்பொடியால் கோடிட்டுப் போட்டோ எடுங்கள். கோடு விழாத இடம்தான் பேனலுக்கு இடம். ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் மென்பொருளும் இதைத்தான் செய்கிறது.

பேனல் துடைப்பது பெரிய வேலையில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நேரத்தில், வெயில் ஏறுமுன் ஊற்றிவிடுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் மாற்றம். இது மட்டும் அவசரம். மானியத்துக்கு விண்ணப்பிப்பவரும் மின் இணைப்பின் உரிமையாளரும் ஒருவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலார் கூரையில் இருக்கும், மானியம் திட்டத்தின் இணையதளமான தேசிய போர்ட்டலிலேயே நிற்கும். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, இரண்டு மகன்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். மகன்களின் கையெழுத்தை வாங்கும்போதே இன்னொன்றையும் பேசிவிடுங்கள். மாடிக்கு மேல் இன்னொரு தளம் எழுப்பும் எண்ணம் இருவரில் யாருக்காவது உண்டா? இருந்தால் சோலாரைத் தள்ளிப் போடுங்கள். கழற்றி மறுபடி மாட்டுவதில் காசும் போகும், கசிவும் வரும். இருபத்தைந்து வருஷத்துக்குக் கூரையைப் பூட்டுகிற விஷயத்தை அம்மா இருக்கும்போதே பேசிவிடுவது சகோதரர்களுக்கும் நல்லது.

பழைய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து 2 கிலோவாட்டுக்குப் புதிதாக எழுதி வாங்குங்கள், வேறு இருவரிடமும் கேளுங்கள். மூவரும் தேசிய போர்ட்டலில் பதிவானவர்களாக இருக்கட்டும். மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். "டி.சி.ஆர். பேனல்" என்ற சொல் கொட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள். மூன்று எர்த், பேனல் பக்கம், வீட்டு லைன் பக்கம் இரண்டிலும் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு, இடிதாங்கி இவையும் எழுத்தில் வேண்டும். சூரிய மின் சாதனங்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலையையே நீட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மூத்தவர் பெங்களூரிலிருந்து கோபித்துக்கொண்டால், அவர் மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏ.சி.யோ வாங்கித் தருவதாக இருந்தால் 3 கிலோவாட்டைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதுவரை ஃபேனை மாற்றுங்கள், வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். மார்கழியில் எடுத்த நிழல் போட்டோக்களை எனக்கு அனுப்பினால், நாலு பேனலையும் எங்கே வைப்பது என்று குறித்து அனுப்புகிறேன்.